பிள்ளைகள் அழித்ததைத் தாய்மார் பேசிய வருஷம்

கடலுக்கு அப்பால் இருக்கிற பெரிய நாடு ஒன்று, இங்கே படிக்க வருகிற பிள்ளைகள் இதுநாள் வரை இணையத்தில் எழுதியது, சிரித்தது, திட்டியது, லைக் போட்டது அத்தனையையும் திறந்து காட்டிவிட்டுத்தான் எங்கள் வாசலை மிதிக்க வேண்டும் என்று உத்தரவு போட்ட வருஷத்தில், சங்குமுனை ஊரில், ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு, இறால் கம்பெனி ஷெட்டில் எண்பது பெண்கள் முழங்கை வரை ஐஸ் தண்ணீரில் விட்டு இறால் உரித்துக்கொண்டிருக்கையில், அவர்களுக்கு மேற்பார்வையாக நின்ற பிரகாசி வாயைத் திறந்து, "ஃபிசிக்ஸ் சாரோட மூக்கு முடியில ஊஞ்சல் கட்டி ஆடலாம் மக்களே, பிடிச்சிருந்தா ஒரு லைக் போடுங்க" என்று தெளிவாகச் சொன்னாள்.

சொல்லிவிட்டு, பேசியது யார் என்று அவளே சுற்றிப் பார்த்தாள். பதினேழு வருஷமாக அந்த ஷெட்டில் இருக்கிறவள். தலைத்துணியை இழுத்துக் கட்டச் சொல்வதற்கும் பேச்சைக் குறைக்கச் சொல்வதற்கும் தவிர அவள் வாய் திறந்து அந்தப் பெண்கள் கண்டதில்லை. எழுபத்தொன்பது தொண்டையிலிருந்து ஒரே நேரத்தில் சிரிப்பு கிளம்பித் தகரக் கூரையில் மோதியது. சிரிக்காதவள் ஒருத்திதான், கடைசி மேஜையில் நின்ற சவேரியாள். அவள் மகள் அமலி அதே மேஜைக்குப் பக்கத்தில் விழுந்து செத்து அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பிரகாசி மகளிடம் கேட்டாள். மகள் டெல்பின் மீன்வளம் படித்து முடித்தவள். கடல் தண்ணீரில் கலக்கிற ரசாயனங்களைப் பற்றி மேலே படிக்க அந்தப் பெரிய நாட்டில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. விசாவுக்காக லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

"ஏளா, ஃபிசிக்ஸ் சாரு மூக்கு முடியில ஊஞ்சல்னு என்னமும் உண்டா?"

டெல்பினின் கை நின்றது. "உனக்கு யாரும்மா சொன்னா?"

"நாந்தான் சொன்னேன். ஷெட்டுல. எனக்கே தெரியாம வாயில வந்துட்டு."

"எம்மா, அது நான் ஒம்பதாப்பு படிக்கும்போது போட்டது. இன்னைக்குத்தான் அழிச்சேன். பதினோரு மணி இருக்கும்."

ஐஸ் வண்டி ஓட்டிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்த கஸ்பார் மனைவியையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். "அழிச்சா அழிஞ்சி போணும்லா? அது எதுக்கு இவ வாய்க்கு வருது?" என்றார். அது யாருக்கும் தெரியவில்லை.  அப்புறம் நெத்திலியை வறுக்கவா குழம்பு வைக்கவா என்று பிரகாசி கேட்க, பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

அந்த வருஷம் சங்குமுனையிலிருந்து பதினான்கு பிள்ளைகள் அந்த நாட்டுக்கு மனுப் போட்டிருந்தார்கள். பஜாரில் மருந்துக்கடை மாடியில் ஆபீஸ் வைத்திருந்த வால்டர்தான் பதினான்கு பேருக்கும் வழி சொல்கிறவன். "கதவைத் தொறந்து போடச் சொல்லியிருக்கான். தொறக்குமுன்ன வீட்டைக் கூட்டித் தள்ளிருங்க" என்று அவன் சொல்லியிருந்தான். "பூ இருக்கலாம், பொறந்தநாள் இருக்கலாம், நாய்க்குட்டி இருக்கலாம். சண்டை, சாவு, அரசியல் ஒண்ணும் இருக்கப்படாது." பிள்ளைகள் கூட்டத் தொடங்கினார்கள். அவர்கள் கூட்டித் தள்ளியதெல்லாம் ஊரில் தாய்மார் வாய் வழியாக வந்து விழுந்தது.

ஹைஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ் பியாட்ரிஸ் டீச்சர், காலைப் பிரார்த்தனையில் அறுநூறு பிள்ளைகள் கண்மூடி நிற்கையில், இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்து, "தலைவன் படம், மொத ஷோ, செத்தாலும் தியேட்டர்லதான்" என்று கத்தினார். டீச்சரின் மகன் நெவில் வாயில்லாப் பூச்சி என்று ஊரே நம்பியிருந்தது. கோயிலுக்குப் பூ கட்டுகிற ஒருத்தி, மீன் ஏலம் நடக்கிற கரையில் நின்று, தன் மகள் எவனுக்கோ எழுதிய இரண்டு வருஷத்துக் காதலைத் தேதி வரிசை மாறாமல் பேசி முடித்தாள். பேசி முடிக்கையில் அவள் முகம் சிவந்திருந்தது என்றும் அது வெயிலால் இல்லை என்றும் பார்த்தவர்கள் சொன்னார்கள். இன்னொருத்தி குழாயடியில் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கும்போது, "மார்க் வந்துட்டு, எனக்குச் சாகலாம் போல இருக்கு, யாராவது முழிச்சிருக்கீங்களா" என்று சொன்னாள். சொன்னவள் குடத்தைக் கீழே வைத்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த அன்று மகனுக்குக் கோழிக்குழம்பு வைத்துக் கொடுத்ததும், அவன் பசிக்கவில்லை என்றதும், வீம்பு என்று அவனை வைததும் அவளுக்கு ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போய் மகன் காலடியில் உட்கார்ந்து அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். அவன் என்ன என்று கேட்கவில்லை. குடம் குழாயடியிலேயே கிடந்தது. யாரும் அதைத் தள்ளி வைக்கவும் இல்லை.

ஊர் எதற்கும் பழகிக்கொள்ளும். பங்குச்சாமியாரிடம் போய்ப் பாவம் யாருடையது என்று கேட்டார்கள். அவர் ஒரு வாரம் யோசித்துவிட்டு, எழுதியவன் மறந்துவிட்டான், பேசுகிறவள் அறியவில்லை, ஆகவே பாவசங்கீர்த்தனம் தேவையில்லை, ஆனால் பூசை நேரத்தில் தாய்மார் கடைசிப் பெஞ்சில் உட்காரட்டும் என்று சொல்லிவிட்டார். பஸ்ஸில் கண்டக்டர்கள் அவர்களுக்குப் பின் சீட்டைக் கொடுத்தார்கள். யாராவது பேச்சுக்கு நடுவே குரல் மாறிப் பேசினால் எதிரே நிற்கிறவர்கள் தும்மலுக்குக் காத்திருப்பதுபோலக் காத்திருந்து, முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். பையன்கள் செல்போனில் படம் பிடித்தார்கள். தகப்பன்மாருக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு மனத்தாங்கல் இருந்தது. கஸ்பார் ஒருநாள் ஐஸ் கட்டியை இறக்கிக்கொண்டே, "என் வாயில ஒரு வார்த்தை வந்தா என்ன குறைஞ்சிருமா?" என்று யாரிடமோ கேட்டார்.

பிரகாசிக்கு முதலில் வெட்கமாக இருந்தது, அப்புறம் ஆசையாக இருந்தது. இருபத்துமூன்று வருஷம் கூடவே இருந்த பிள்ளை தன்னிடம் பேசாத பேச்சையெல்லாம் தன் நாக்கிலேயே ருசி பார்க்கிற மாதிரி இருந்தது. மகளுக்கு மழை பிடிக்காது என்று அவளுக்கு அப்போதுதான் தெரியும். கல்லூரி விடுதியில் முதல் மாதம் முழுக்க அவள் அழுதிருக்கிறாள் என்றும், ஒருமுறை யாருக்கோ "எங்க அம்மா மாதிரி ஒரு ஆளு வாயே திறக்காம எப்படி வாழ முடியும்னு எனக்குப் புரியல" என்று எழுதியிருக்கிறாள் என்றும் தெரிந்தது. அதை ஷெட்டு வாசலில் தன் வாயாலேயே சொல்லிவிட்டு, பிரகாசி கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

எல்லாம் அழித்த பிறகும் நாலு வரியை மட்டும் டெல்பின் அழிக்காமல் வைத்திருந்தாள். அது அமலியைப் பற்றி எழுதியது.

அமலி டெல்பினோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் இருந்தவள். ஷெட்டில் குளிர் அறைக்குப் போகிற அமோனியாக் குழாய் மூன்று வாரமாக நாறிக்கொண்டிருந்தது; நாறுகிறது என்று பெண்கள் பிரகாசியிடம் சொன்னார்கள், பிரகாசி மேனேஜரிடம் சொன்னாள், மேனேஜர் பார்க்கலாம் என்றார். ஒரு மத்தியானம் குழாய் பிளந்தது. பத்துப் பேர் மயங்கி விழுந்தார்கள், ஒன்பது பேர் எழுந்தார்கள். மறுநாள் மேனேஜர் டைப் செய்த தாள் ஒன்றைக் கொண்டுவந்தார். குழாயில் கசிவு எதுவும் இருக்கவில்லை, அமலிக்கு ஏற்கெனவே மூச்சுத் திணறல் இருந்தது என்று அதில் இருந்தது. "ஷெட்டை மூடிட்டா இந்த எம்பது குடும்பம் எங்க போவும், நீங்களே சொல்லுங்க" என்றார். பிரகாசி கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு நல்ல பசி. வட்டில் நிறைய சோறு போட்டுச் சாப்பிட்டாள். டெல்பின் அடுக்களை வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வால்டர் விடவில்லை. "மத்ததெல்லாம் வெளையாட்டு. இதுதான் முள்ளு. இத வச்சிக்கிட்டுப் போனா கலகக்காரின்னு எழுதிருவான்" என்றான். ஒரு வெள்ளிக்கிழமை அவனே பக்கத்தில் உட்கார்ந்து அந்த நாலு வரியை அழிக்க வைத்தான்.

அதே வெள்ளிக்கிழமை ஷெட்டில் இறால் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் மூன்று பேர் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு சுத்தம் பார்க்க வந்திருந்தார்கள். மேனேஜர் சிரித்துக்கொண்டே கூட வந்தார். பிரகாசி தண்ணீரின் குளிர் இத்தனை டிகிரி என்று சொல்ல வாயெடுத்தாள். வந்தது வேறு.

"அமலி மூச்சுத் திணறல் வந்து சாகவில்லை. மூன்று வாரமாக நாறிய குழாயை அடைக்காதவர்கள் அவளைக் கொன்றார்கள். கண்ணால் பார்த்தவர்கள், கசிவே இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டார்கள். அதில் ஒருவர் என் அம்மா."

எண்பது பேரின் கையும் தண்ணீருக்குள் நின்றது. கோட்டுக்காரர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்த அமைதி அவர்களுக்கும் புரிந்தது. பிரகாசி உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். கடைசி மேஜையிலிருந்து சவேரியாள் மெல்லத் தலைத்துணியை அவிழ்த்தாள்.

"என்னம்மா பேசுதீங்க?" என்றார் மேனேஜர்.

"நான் பேசல சார்" என்றாள் பிரகாசி. அது உண்மைதான். ஊருக்கே தெரியும் அது உண்மை என்று. மேனேஜருக்கும் தெரியும். இருந்தாலும் அன்று மூன்று மணிக்கெல்லாம் அவள் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

வீட்டில் டெல்பின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாய் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"நான் அழிக்க மாட்டேன்னுதான் சொன்னேம்மா."

"எழுதும்போது ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"நீ கையெழுத்துப் போடும்போது எங்கிட்ட சொன்னியா?"

 அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

இருட்டுவதற்கு முன்னால் சவேரியாள் வந்தாள். பிரகாசி கொடுத்த தண்ணீரை வாங்கி, குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டாள்.

"இன்னொருக்க சொல்லு" என்றாள்.

"சவேரி, அது என் வார்த்தை இல்ல. புள்ளையோடது. வந்துது, போச்சு."

"தெரியும். இப்ப உன் வார்த்தையாச் சொல்லு. அடுத்த மாசம் விசாரணைக்கு ஆபீஸர் வாராராம். அவர் முன்ன சொல்லு. எம்புள்ளைக்கு மூச்சுத் திணறல் கிடையாது. பள்ளிக்கூடத்துல ஓடிக் கப்பு வாங்கினவ அவ. நீயும் கை தட்டின."

பிரகாசி தரையைப் பார்த்தாள். "டெல்பின் போய்ச் சேர்ந்துரட்டும். அதுக்குப் பொறவு வாரேன்."

"உம்புள்ளைக்குப் போறதுக்கு ஒரு ஊரு இருக்கு" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்ச் செம்பைப் படியில் வைத்துவிட்டுச் சவேரியாள் போனாள்.

டெல்பினுக்கு விசா வந்தது. பதினான்கு பேரில் பதினொரு பேருக்கு வந்தது. வால்டர் ஆபீசில் கேக் வெட்டினார்கள். முதலில் கிளம்பியவன் பியாட்ரிஸ் டீச்சரின் நெவில். டீச்சர் விமான நிலையம் வரை போய் அவன் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினார். நாலாம் நாள் அவன் திரும்பி வந்தான். அந்த நாட்டின் வாசலில், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அதிகாரி அவனுடைய கணக்கையெல்லாம் பார்த்தாராம். பூவும் நாய்க்குட்டியுமாக இருந்ததாம். அப்புறம் தன் போனைத் திருப்பி ஒரு வீடியோவைக் காட்டினாராம். அதில் டீச்சர் பள்ளிக்கூட மைக் முன்னால் நின்று, "குழந்தைங்க தூங்குற வீட்டு மேல குண்டு போடுறவனுக்கு எந்தச் சாமியும் துணை இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்கோ நடந்த சண்டையைப் பற்றி இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெவில் எழுதி, போன மாதம் அழித்தது. இது உன் அம்மாதானே என்று அதிகாரி கேட்டிருக்கிறார். ஆமாம் என்றிருக்கிறான். எழுதினது தப்பில்லை, ஏன் அழித்தாய் என்று கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பிவிட்டார். பிள்ளைகள் அழித்ததைச் சங்குமுனைத் தாய்மார் பேசுகிறார்கள் என்பதை அந்த நாடு ஒரு வியப்பும் இல்லாமல் தெரிந்துகொண்டு, அதற்கென்று படிவத்தில் ஓர் இடமும் ஒதுக்கிவிட்டிருந்தது.

விமான நிலையத்திலிருந்து ஊர் வரும் வரை நெவில் தாயின் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து ஊர் தாய்மாரைப் பார்க்கிற பார்வை மாறியது. மிச்சமிருந்த பத்து வீட்டிலும் தகப்பன்மார் கூடிப் பேசி, பிள்ளைகள் போய்ச் சேருகிற வரை பெண்கள் வாயில் தண்ணீர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தார்கள். விழுங்கக் கூடாது, துப்பக் கூடாது; சாப்பிடும் நேரம் மட்டும் விலக்கு. கன்னம் உப்பிய பெண்கள் கடைக்குப் போனார்கள், கோயிலுக்குப் போனார்கள், விரலைக் காட்டிக் காய்கறி வாங்கினார்கள். ஜெபமாலை சொல்ல முடியாமல் மணியை மட்டும் உருட்டினார்கள். ஒருத்தியும் எதிர்த்துப் பேசவில்லை. பேச வாயில் இடமும் இல்லை. பூக்கட்டுகிறவள் மட்டும் மகளை இரண்டே வாரத்தில் யாருக்கோ கட்டிக்கொடுத்துவிட்டு, இனி எனக்கு எந்த நாடும் வேண்டாம் என்று தண்ணீரைத் தெருவில் துப்பினாள்.

பிரகாசியும் தண்ணீர் வைத்துக்கொண்டாள். ஆனால் ஷெட்டில் அவள் பேசியதை யாரோ எடுத்துப் போட்ட வீடியோ அதற்குள் ஊர் ஊராகச் சுற்றிவிட்டது. கிளம்புவதற்கு ஒன்பது நாள் இருக்கையில் வால்டர் டெல்பினையும் கஸ்பாரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டான்.

அப்போது பிரகாசி வீட்டுப் பின்வாசலில் உட்கார்ந்து சாளை ஆய்ந்துகொண்டிருந்தாள். திடீரென்று வாயிலிருந்த தண்ணீரெல்லாம் பீறிட்டு மீன் மேல் தெறித்தது. அதன் பின்னாலேயே ஒரு சொல் வந்தது.

"உயிருடன் இருக்கிறார்."

அவள் சுற்றிப் பார்த்தாள். யாரைச் சொல்கிறது இது? யாரும் அந்த வீட்டில் யாரையும் அப்படி மரியாதை போட்டுப் பேசுவதில்லை. மகள் கோபத்தில் எழுதியதும் இல்லை, விளையாட்டில் எழுதியதும் இல்லை. கத்தி வைத்துக் கீறின மாதிரி நேராக, எந்த உணர்ச்சியும் இல்லாமல் இருந்தது. இரண்டு சாளையை ஆய்ந்து முடித்தாள். மூன்றாவதை எடுக்கும்போது விளங்கியது. அது படிவத்துப் பேச்சு. அரசாங்கத் தாளில்தான் மனிதர்கள் அப்படி இருப்பார்கள். மகள் ஒரு தாளில் முதலில் அப்படி எழுதியிருக்கிறாள். பிறகு அதை அழித்திருக்கிறாள்.

கஸ்பார் தனியாகத் திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

"என்னைய இல்லாமப் பண்ணியாச்சா?" என்று பிரகாசி கேட்டாள்.

அவர் திகைத்துப் போனார். தலையைக் குனிந்துகொண்டார். "அந்த வீடியோல இருக்கது யாரோ, எனக்கு அம்மா கிடையாதுன்னு சொல்லிட்டா விட்டுருவானாம். வால்டர் சொன்னான். புள்ள ரொம்ப நேரம் எழுதல. ஒருமணி நேரம் கம்ப்யூட்டரையே பாத்துக்கிட்டு இருந்தா, பிரகாசி."

"எப்படிச் செத்தேனாம்?"

கஸ்பார் செருப்பைக் கழற்றினார். அவள் மறுபடி கேட்டாள்.

"காரணம்னு ஒரு கட்டம் இருந்துது" என்றார். "மூச்சுத் திணறல்னு போட்டா."

பிரகாசி கையைக் கழுவினாள். மீன் வாடை போகச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினாள். வாயில் தண்ணீர் வைத்துக்கொள்ளாமல், பகல் வெளிச்சத்தில், மூன்று தெரு தாண்டிச் சவேரியாள் வீட்டுக்கு நடந்தாள். பார்த்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். சவேரியாள் வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தாள்.

பிரகாசி நின்றபடியே சொன்னாள். "கொழாய் பிளந்துதான் அமலி செத்தா. மூணு வாரமா நாறுச்சு. நான் பாத்தேன். பாக்கலன்னு கையெழுத்துப் போட்டேன். இது எம்பேச்சு, சவேரி. யாரும் அழிச்சது இல்ல."

சவேரியாள் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முடிச்சு ஒன்றைப் பல்லால் கடித்து விடுவித்தாள்.

"ஆபீஸர் நேத்தே வந்துட்டுப் போயிட்டாரு. நீ கையெழுத்துப் போட்ட தாளை வாங்கிட்டுப் போயிட்டாரு. எங்கிட்ட வந்து எதுக்குச் சொல்லுத? எனக்குத்தான் தெரியுமே."

பிரகாசி இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். உட்காரு என்று சவேரியாள் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

டெல்பின் கிளம்பிய அன்று பிரகாசி விமான நிலையத்துக்குப் போகவில்லை. செத்தவள் வழியனுப்ப வந்தால் யாராவது படம் பிடித்துவிடுவார்கள் என்று வால்டர் சொன்னான். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு டெல்பின் தாயைக் கட்டிப் பிடித்தாள். மன்னிச்சிரும்மா என்று அவள் சொல்லப் போவது தெரிந்து, பிரகாசி அவள் வாயைக் கையால் பொத்தினாள். "சொல்லாத. சொன்னா பொறவு அதையும் அழிக்கணும்." பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தது கஸ்பார்.

அந்த நாட்டு வாசலில் டெல்பினை உள்ளே விட்டுவிட்டார்கள். அம்மா இல்லையா என்று கேட்ட அதிகாரி, அவள் அழுத அழுகையைப் பார்த்துத் தன் மேஜையிலிருந்த காகிதக் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாராம்.

ஷெட்டில் வேலை போன பிறகு பிரகாசி மீன் மார்க்கெட்டில் அருவாமனை போட்டு உட்கார்ந்தாள். வாங்குகிறவர்களுக்கு மீன் வெட்டிக் கொடுக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் போன் பண்ணுவாள். பேச்சைக் கேட்கிறார்களோ என்ற பயத்தில், "சித்தி, நல்லா இருக்கேன் சித்தி" என்பாள். "நல்லா இரும்மா" என்பாள் பிரகாசி. அதற்கு மேல் இரண்டு பேரும் வானிலையைப் பேசுவார்கள்.

மற்ற நாட்களில், பகல் பதினோரு மணிவாக்கில், அந்த ஊரில் ராத்திரி ஆகிப் பிள்ளை படுக்கப் போகிற நேரத்தில், பிரகாசியின் வாயில் வார்த்தைகள் வந்தன. எழுதி, அனுப்பாமல், அப்படியே அழித்துவிடுகிற வார்த்தைகள். வஞ்சிர மீனின் தலையைத் துண்டித்துக்கொண்டே அவள், "எம்மா, இங்க கடல் இருக்கு, ஆனா வாசனையே இல்ல" என்பாள். "எம்மா, என் பேரை எவனுக்கும் ஒழுங்காச் சொல்ல வரல." "எம்மா, இன்னைக்கு லேப்ல அமோனியா பாட்டில் தொறந்தாங்க, நான் வெளிய ஓடிட்டேன்." "எம்மா, எனக்குப் பயமா இருக்கு, நான் வந்துரட்டா." வயதான ஒரு பொம்பிளை மீன் செதிலுக்கு நடுவே உட்கார்ந்து அம்மா அம்மா என்று கூப்பிடுவதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் பயந்தார்கள். பக்கத்துக் கடைப் பெண்கள் அந்த நேரத்துக்குக் கூவுவதை நிறுத்திக்கொண்டார்கள், அவள் காதில் அவள் பேச்சு நன்றாக விழட்டும் என்று. பதில் சொல்ல வழி இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் வந்துவிடு என்று சொல்லச் சித்திக்கு உரிமை இல்லை.

மழைக்காலம் தொடங்கும்போது வார்த்தைகள் குறைந்தன. வாரத்துக்கு மூன்று, வாரத்துக்கு ஒன்று. ஒருநாள் "எம்மா" என்று மட்டும் வந்து நின்றது. அதற்கப்புறம் வரவில்லை. முதலில் பிரகாசி பிள்ளைக்கு உடம்பு சரியில்லையோ என்று பதறினாள். ஞாயிற்றுக்கிழமை போன் சரியாக வந்தது. "நல்லா இருக்கேன் சித்தி" என்ற குரலில் ஒரு குறையும் இல்லை. முன்னைவிடத் தெளிவாகவே இருந்தது. போனை வைத்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. அழிக்கிற அளவுக்குக்கூட எழுதாமல் இருக்கப் பிள்ளை படித்துவிட்டாள்.

மறுநாளும் பதினோரு மணிக்கு மார்க்கெட்டுப் பெண்கள் வழக்கம்போலக் கூவுவதை நிறுத்தினார்கள். பிரகாசி வாயை லேசாகத் திறந்து, அருவாமனை மேல் கையை வைத்தபடி காத்திருந்தாள். ஈ மொய்த்தது. தூரத்தில் ஐஸ் வண்டியின் சத்தம் கேட்டது.

பாறை மீன் வாங்கி வெட்டக் கொடுத்திருந்த ஒருவர், "என்னம்மா, வெட்டலியா? நேரமாகுது" என்றார்.

"வெட்டுதேன்யா" என்று சொல்லி அவள் மீனை எடுத்தாள்.